மூன்று பாகம் தண்ணீர்

பெட்டி பார்சல் ஆபீசில் வந்து கிடந்தது. சுகுணா ஸ்கூட்டியில் போய் எடுத்து வந்தாள். அட்டையைப் பிரித்ததும் உப்பு வாடை வந்தது. திருகுகள் துருவேறியிருந்தன. திரையின் கண்ணாடியில் யாரோ ஈரக் கையால் துடைத்த தடம் அப்படியே காய்ந்திருந்தது.

அது மீன்பிடிப் படகில் வைக்கிற பெட்டி. கம்பியின் முனையில் தொங்கும் சென்சார் கடலுக்குள் ஒலியை அனுப்பும். அது அடித்தரையில் மோதித் திரும்புகிற நேரத்தை வைத்து, படகுக்குக் கீழே எத்தனை பாகம் தண்ணீர் இருக்கிறது என்று திரை சொல்லும். பாகம் என்பது ஒரு ஆள் இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற நீளம். கடற்கரையில் ஆழத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பெட்டி இருந்த படகு பங்குனியில் ஜெகதாப்பட்டினத்துக்குத் திரும்பி வரும்போது சேற்றுத் திட்டில் ஏறி நின்றுவிட்டது. முழு வேகத்தில் வந்த படகு சட்டென்று நின்றதில், படகில் இருந்த இரண்டே பேரில் பின்பக்கம் நின்றிருந்த ஞானமணி வலை இழுக்கும் இரும்பு உருளையில் தலை மோதி இறந்துபோனான். படகை ஓட்டி வந்தவன் உதயசூரியன். அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "பொட்டியில மூணு பாகம் தண்ணி காட்டுச்சு." திட்டின் மேல் அரைப் பாகம்கூட இல்லை. தூங்கியிருப்பான் என்றார்கள் சிலர். குடித்திருப்பான் என்றார்கள் சிலர். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கடலில் இறங்கும்போது அவனுக்குப் படகு கொடுப்பதா, கரையிலேயே நிறுத்துவதா என்று மீனவர் சங்கம் கூடிப் பேசப்போகிறது. அதற்குமுன் பெட்டி சரியாக இருந்ததா என்று அதைச் செய்த கம்பெனி சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டியவள் சுகுணா.

கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தது. சிறியது. முதலாளி ரகுநாத் ஒரு காலத்தில் தானே சால்டரிங் கம்பியைப் பிடித்துப் பெட்டி செய்தவர். அவர் போனில் சொன்னார்:

"பார்த்துட்டு ஒரு வரி அனுப்பிருங்க, சுகுணா. பெட்டியில கோளாறு இல்லைன்னு. சங்கத்துல இருந்து தெனமும் கேக்கறாங்க."

"பாக்காம எப்படி சார் இல்லைன்னு எழுதுறது?"

"பார்த்துட்டுதானுங்க. நான் என்ன பாக்காமயா எழுதச் சொன்னேன்?"

சுகுணாவுக்கு முப்பத்துநான்கு வயது. வல்லத்திராக்கோட்டையில் நிலக்கடலை விவசாயம் பார்த்துப் பிழைத்த குடும்பம். கொரோனாவின்போது கோயம்புத்தூரிலிருந்து வந்தவள் திரும்பிப் போகவில்லை. புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, அம்மா அழகியைக் கூட வைத்துக்கொண்டு, அங்கிருந்தே வேலை பார்த்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றது. அதைப் பற்றி அவளோ அம்மாவோ பேசுவதில்லை.

அவள் எழுதுவது டிவைஸ் டிரைவர். ஒரு கருவிக்கும் கணினிக்கும் நடுவே நின்று, கருவி சொல்வதைக் கணினிக்கும் கணினி கேட்பதைக் கருவிக்கும் கொண்டுபோகிற சிறு நிரல். ஒழுங்காக ஓடும்போது அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அதில் பாதிக்கு மேல் எழுதப்படுவது நடக்காமல் போகக்கூடியவற்றைப் பற்றித்தான். கருவியைச் செருகியதும் டிரைவர் நினைவகத்தில் இடம் வாங்கும், மின்சாரம் வாங்கும், கருவி கூப்பிட்டால் கேட்பதற்கு ஒரு வழியை வாங்கும். நான்காவதாக ஒன்றைக் கேட்டு அது கிடைக்காமல் போனால், அதுவரை வாங்கிய மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, முடியவில்லை என்று மேலே சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். கொடுப்பதிலும் முறை உண்டு. பந்தல் பிரிக்கிறவன் கடைசியாகப் போட்ட முடிச்சை முதலில் அவிழ்ப்பான். வரிசை மாறினால் பந்தல் அவன் தலையில் இறங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுகுணா வரிசையை மாற்றி எழுதினாள். மொத்தக் கணினியும் உறைந்து நின்றது. அதன் பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும், இது கிடைக்காவிட்டால் என்ன என்ற கேள்வியைத்தான் முதலில் எழுதினாள்.

"சுகுணா கல்யாணப் பத்திரிகை அடிச்சா, கீழயே விவாகரத்துக்கும் தேதி போட்டுருவா" என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

பெட்டியை மேசையில் வைத்து, குளியலறையில் இருந்த நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, சென்சாரை அதில் தொங்கவிட்டாள். சரியான எண் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தாள். பெட்டி எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கம்பியைப் பிடுங்கினாள். 'சென்சார் இல்லை' என்று திரை சொன்னது. செருகினாள். எண் வந்தது. குப்பைத் தகவலை உள்ளே அனுப்பினாள். டிரைவர் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி கேட்டது. எந்தத் தவறுக்கும் அது தடுமாறவில்லை. ஆழம் தெரியாதபோதும் நேரமும் வரைபடமும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள், கோளாறு இல்லை என்பதைத் தவிர அவளிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. உதயசூரியன் என்ற பெயர் மட்டுமே அவளுக்குத் தெரியும். ஒரு வரி அனுப்பிவிட்டால் அந்தப் பெயர் கரையிலேயே நின்றுவிடும். டிரம்மில் முழங்கால் ஆழத் தண்ணீர்தான். மூன்று பாகத்தைக் காட்டிய பெட்டியை முழங்கால் ஆழத்தில் சோதித்துச் சொல்வது சரியாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போனாள். வயலைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். கிணறு அவர்களுடையது. சித்திரை வெயிலிலும் அடியில் தண்ணீர் கிடந்தது. ஒரு பேட்டரியை வைத்துப் பெட்டியை ஓட்டி, சென்சாரைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். ஒன்றரைப் பாகம் என்றது. கல்லைக் கட்டிக் கயிற்றை விட்டு அளந்து பார்த்தாள். ஒன்றரைப் பாகம்தான். மேலும் கீழும் ஏற்றி இறக்கினாள். எண் கூடவே ஏறி இறங்கியது.

வெயில் உறைக்கத் தொடங்கியதும் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, பேட்டரியை ஒரு கையிலும் பெட்டியை மற்றொரு கையிலும் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தாள். சென்சார் முதுகில் சொட்டிக்கொண்டு வந்தது. வேப்ப மரத்தடியில் அழகி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"பொட்டி நல்லா வேலை செய்யுதாத்தா?"

"செய்யுதும்மா."

"அணைக்கலையா? வெளக்கு எரியுதே."

சுகுணா கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். திரையில் ஒன்றரைப் பாகம் என்று இருந்தது.

அவள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சென்சார் காய்ந்த கடலைச் செடிகள்மேல் கிடந்தது. கீழே தண்ணீர் இல்லை. திரும்பி வர ஒலியும் இல்லை. ஒன்றரைப் பாகம். எண்ணின் நிறம் மாறவில்லை, பெட்டி சத்தம் போடவில்லை.

"என்னத்தா, ஏன் ஒரு மாதிரியா இருக்க?"

"கெணத்த விட்டு வந்தது இதுக்குத் தெரியலம்மா."

அழகி சிரித்தாள். "அதுக்கென்ன, மொள்ளத் தெரிஞ்சுக்கிரும். சோத்தத் தின்னு."

அவள் கம்பியைப் பிடுங்கிப் பார்த்திருந்தாள், மின்சாரத்தை நிறுத்திப் பார்த்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்து, பதில் மட்டும் வராமல் போகிற நிலையைப் பார்க்கவில்லை. மேசையில் வைத்துச் சோதிக்கிறவர்கள் யாருக்கும் சென்சாரைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கத் தோன்றாது. அது எப்போதும் டிரம்மில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் நிரலைத் திறந்தாள். பழைய பகுதி. அவள் சேர்வதற்கு முன்பே எழுதியது. தேடிய இடம் சீக்கிரமே கிடைத்தது. சென்சாரிடம் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் காத்திரு. பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணை எடுத்துக் கொடு. கொடுத்துவிட்டு, நலம் என்று சொல். பக்கத்தில் குறிப்பு ஒன்று இருந்தது: திரை காலியாகக் கூடாது.

டிரைவர் தோற்றுப்போகலாம். தோற்றேன் என்று மேலே சொல்லிவிட்டால் போதும். மேலே இருப்பது மணி அடிக்கலாம், திரையை மாற்றலாம், ஆளைக் கூப்பிடலாம். பழைய எண்ணைக் கொடுத்து நலம் என்று சொல்லிவிட்டால் மேலே இருப்பவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவர்களைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவே இல்லை.

சுகுணா எழுந்து சமையற்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

அவளுடைய அப்பா மலையாண்டி துபாயில் பைப் ஃபிட்டராக இருந்தார். அவள் திருச்சியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தப்பா திருமுருகன்தான் ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். அழுதுகொண்டே சொன்னார், "அண்ணிகிட்ட சொல்லிறாதத்தா. பாடி வர நாளாவும். அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க. காலுல அடின்னு சொல்லியிருக்கோம். நீயும் அதையே சொல்லு." ஊரில் சாவை யாரும் ஒரே அடியாகச் சொல்வதில்லை. முதலில் அடி, பிறகு சீரியஸ், கடைசியில் வாசலில் கூட்டம். கேட்கிறவர் கூட்டத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ள வேண்டும். சுகுணா தினமும் அம்மாவுக்குப் போன் செய்தாள். அப்பா சாப்பிட்டாராம், அப்பா தூங்குகிறாராம், வீக்கம் வற்றியிருக்கிறதாம். ஒவ்வொன்றையும் முந்தின நாள் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். அழகி அந்த வாரத்தில் குன்றாண்டார்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனாள். போட்டோவில் சிரித்தாள்.

எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து அழகி ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினாள். "அவரு ஐஸ் பொட்டியில கெடக்காரு, நான் பூ வச்சுக்கிட்டு எலையில ஒக்காந்து பாயசம் குடிச்சேன். நீயும் சேந்துக்கிட்டயே. சொல்லியிருந்தா என்னாயிருக்கும்? அழுதிருப்பேன். அவ்வளவுதானே?"

மறுநாள் காலையில் சுகுணா ரகுநாத்தைக் கூப்பிட்டாள். கிணற்றில் பார்த்ததையும் நிரலில் இருந்த வரியையும் சொன்னாள்.

"அந்த வரி நான் எழுதினதுங்க" என்றார்.

"தெரியும் சார்."

"மொத மொத பத்துப் படகுல வச்சோம். நுரை வந்தா, அலை தூக்கினா, ஒரு நொடி பதில் வராது. திரை வெளுத்துப் போகும். பெட்டி செத்துப்போச்சுன்னு கழட்டிக் கொண்டாந்து மூஞ்சியில வீசினாங்க. ஒரு நொடி போகட்டும்னுதான் பழசைக் காட்டச் சொன்னேன்."

"ஒரு நொடிக்குச் சரிதான் சார். எத்தனை நொடின்னு அதுல எழுதலயே. அது பாட்டுக்குச் சாயங்காலம் வரைக்கும் காட்டும்."

"எழுதலைங்க." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "இப்ப என்ன செய்யறது?"

"டிரைவர் பதில் இல்லன்னா இல்லன்னு சொல்லணும். அடுத்தடுத்து கேட்டுப் பாக்கட்டும். அதுக்கும் இல்லன்னா மேல சொல்லிரணும். பழைய எண்ணைக் காட்டுறதா வேண்டாமான்னு திரை முடிவு பண்ணட்டும். ரெண்டு நொடி மங்கலா காட்டட்டும், அப்புறம் கோடு, மணி. எழுதிட்டேன் சார். எல்லாப் படகுக்கும் போகணும், கடல்ல எறங்குறதுக்கு முன்னால."

"அது சரிங்க. அந்த ஆள் விஷயம்? வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"சங்கம் வியாழக்கிழமை கூடுது சார். நான் போறேன்."

ரகுநாத் பெருமூச்சு விட்டார். "போங்கன்னு நான் சொல்லல. போகாதீங்கன்னும் சொல்லல." பிறகு, "பெட்டி ரெண்டு எடுத்துட்டுப் போங்க. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு" என்றார்.

அறந்தாங்கியில் பஸ் மாறிப் போய் இறங்கினாள். துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். பெயின்ட் வாடையும் மீன் வாடையும் கலந்து அடித்தது. உதயசூரியன் வீட்டைக் கேட்டதற்கு ஒருவன் கையை நீட்டி, "அங்கிட்டுப் போங்க, கதவு சாத்தியிருக்கும், தட்டுங்க" என்றான்.

உதயசூரியன் நெடிய ஆள். சட்டை அவன்மேல் தொங்கியது. அவள் யார் என்று கேட்டான்.

"இந்தப் பொட்டிக்கு டிரைவர் எழுதுறவ."

"பொட்டிக்கு டிரைவரா?" முகம் கொஞ்சம் கோணியது. "நான் படகுக்கு டிரைவர். ரெண்டு டிரைவரும் சேந்துதான் ஒருத்தனக் கொன்னமா? உக்காருங்க தங்கச்சி."

அவன் மனைவி டீ வைத்துவிட்டு உள்ளே போனாள். சுகுணா சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, திரும்பி வாரப்ப சென்சார் தண்ணிக்குள்ள இருந்துச்சா?"

அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சேத்துக்குள்ளதான் கெடந்துச்சு. வந்தவனெல்லாம் பாத்தானே."

"அது படகு நின்னதுக்கு அப்புறம். முன்னால?"

"வலை இழுக்குறப்ப தூக்கி மேல போட்டுருவோம். இல்லேன்னா வலையில சுத்தி வயரு அந்துபோவும்."

"இழுத்து முடிச்சதும் எறக்கணும்ல?"

"எறக்கணும்."

"எறக்குனீங்களா?"

"நான் முன்னால சக்கரத்தப் புடிச்சிருக்கேன். அது பின்னால. பொட்டியப் பாத்தேன். மூணு பாகம்னுச்சு. நம்பர் வந்தா எறக்கியாச்சுன்னுதானே அர்த்தம்? எறக்காம எப்படி நம்பர் வரும்?"

சுகுணா எப்படி வரும் என்று சொன்னாள். கிணற்றையும் வரப்பையும் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். முகத்தை மூடியபடியே பேசினான்.

"மேலதான் கெடந்துச்சு. படகு முட்டுனதும் பின்னால ஓடுறேன், ஞானமணி கெடக்கான். பக்கத்துல சென்சாரு, காஞ்சு கெடக்கு. அவன் வேலை அது. தூக்குறதும் எறக்குறதும். அவன் கண்ண மூடி விட்டேன். மூடிட்டு, சென்சாரத் தூக்கிச் சேத்துக்குள்ள போட்டுட்டேன். மத்த படகு ஆளுக வாரதுக்குள்ள."

"ஏண்ணே?"

"ஏன்னா? செத்தவனே படகக் கெடுத்தான்னு அவன் பொண்டாட்டி காதுல விழணுமா? அவன் மேல போட்டுட்டு நான் கடலுக்குப் போவணுமா?" கையை எடுத்தான். கண் காய்ந்திருந்தது. "நீங்க பொட்டியப் பத்தி என்னமும் சொல்லுங்க. இத மட்டும் சொல்லாதீங்க, தங்கச்சி. சுடர்விழி கூட்டத்துக்கு வரும்."

சங்கக் கட்டடம் தகரக் கூரை போட்ட நீள அறை. தலைவர் அய்யப்பன் நாற்காலியில் இருந்தார். மற்றவர்கள் பெஞ்சிலும் தரையிலும். உதயசூரியன் கதவோரம் நின்றான். ஞானமணியின் மனைவி சுடர்விழி, இரண்டு பெண்களுக்கு நடுவே, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மிகவும் சின்னப் பெண்.

ஒரு டிரம்மில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். சுகுணா பழைய பெட்டியை ஓட்டிச் சென்சாரை உள்ளே விட்டாள். எண் வந்தது. வெளியே எடுத்துச் சிமென்ட் தரையில் வைத்தாள். எண் அப்படியே நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவர் சென்சாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, கையில வச்சிருக்கேன். என் கையில அவ்வளவு தண்ணியா?"

"ஒன் தலையில வச்சாலும் காட்டும்டா, அங்க ஆழம் ஜாஸ்தி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்து, சுடர்விழி இருப்பது நினைவு வந்து நிறுத்தினார்கள்.

புதிய பெட்டியைக் காட்டினாள். வெளியே எடுத்ததும் எண் மங்கியது, பிறகு கோடு விழுந்து மணி அடித்தது.

"தப்பு எங்களோடதுங்க" என்றாள். "பொட்டிக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கணும். பழைய கணக்கச் சொல்லிருச்சு. உதயசூரியன் அண்ணன் பாத்தது பொய் இல்ல."

அய்யப்பன் தாடையைத் தடவினார். "சரிம்மா. ஆனா அன்னைக்கு சென்சாரு தண்ணிக்குள்ள இருந்திருந்தா, பொட்டி சரியாத்தானே காட்டியிருக்கும்?"

"ஆமாங்க."

"நானே போயிப் பாத்தேன். சேத்துக்குள்ளதான் சொருகிக் கெடந்துச்சு. மேல கெடந்ததுன்னு யாரு சொல்றது?"

அறை அவளைப் பார்த்தது. உதயசூரியன் தரையைப் பார்த்தான். சொல்லிவிடலாம். சொன்னால் அவனுக்குப் படகு கிடைக்கும். அவன் கேட்டுக்கொண்டது போய்விடும். பேசாமல் இருந்தால் கொண்டுவந்த இரண்டு பெட்டியாலும் பயனில்லை. என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"பொட்டியில அது பதிவாகலங்க" என்றாள் சுகுணா. "நானா ஊகம் பண்ணிச் சொல்லக் கூடாது. படகுல இருந்தவங்க சொல்லணும்."

உதயசூரியன் தலையைத் தூக்கவில்லை.

"மேலதான் கெடந்திருக்கும்."

சுடர்விழி சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னாள். பக்கத்திலிருந்த பெண் அவள் கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டுத் திரும்பினாள்.

"அவருதானே தூக்குவாரு? எறக்க மறந்துட்டு இந்த அண்ணன்கிட்ட ஏச்சு வாங்கிட்டு வருவாரு. வீட்டுல வந்து ஏசுன மாதிரியே ஏசிக் காட்டுவாரு, சிரிச்சுக்கிட்டு. அன்னைக்கும் மறந்திருப்பாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? அன்னையிலேருந்து யாரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுறதில்ல. எதையோ மறைக்கிறீங்கன்னு தெரியுது, என்னன்னு நானே ஒக்காந்து யோசிச்சு யோசிச்சுக் கண்டுபுடிச்சேன். ராவும் பகலுமா தனியா." மூச்சு வாங்கினாள். "அண்ணே, மேலதானே கெடந்துச்சு?"

"ஆமாத்தா" என்றான் உதயசூரியன். "நான்தான் எடுத்துச் சேத்துல போட்டேன்."

"ஏன் போட்டீங்க?"



அய்யப்பன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்து மறுபடி துடைத்தார். "மறக்காத மனுசன் எவன் இருக்கான்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, தடை நீங்கியதும் உதயசூரியன் படகில் போகலாம், அதில் யாருக்கும் ஆட்சேபணை உண்டா என்று முறைப்படி கேட்டார். ஒருவரும் எழவில்லை. எல்லாப் படகுக்கும் பெட்டி மாற்றித் தர வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மாற்றித் தருகிறோம் என்றாள் சுகுணா.

ஆட்கள் கலைந்தார்கள். சுகுணா கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது உதயசூரியன் வந்து அருகில் நின்றான். புதிய பெட்டியின் திரையைக் காட்டினான்.

"இதுல கோடு விழுந்தா என்ன செய்யணும்?"

"பொட்டிக்குத் தெரியலன்னு அர்த்தம்ணே. வேகத்தக் கொறைங்க. கொறைச்சுட்டு, என்னன்னு பாருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். அறையின் மறுமுனையில் சுடர்விழி இன்னும் எழுந்திருக்கவில்லை. கூட இருந்த பெண்கள் வெளியே போய் நின்றார்கள். உதயசூரியன் அங்கே போகத் திரும்பி, பாதி வழியில் நின்று, பிறகு போனான். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். முதலில் அவன்தான் பேசத் தொடங்கினான். என்ன சொன்னான் என்பது இங்கே கேட்கவில்லை. சுகுணா பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.